மதுரைக் காலும் அணுக்களின் சந்திப்பும்



மதுரை என்ற பெயரைக் கேட்டதும் வெளியூராருக்கு மல்லிகை நினைவுக்கு வரும். ஜிகர்தண்டா நினைவுக்கு வரும். மருத்துவம் படித்தவர்களுக்கோ, அவர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், ஒரு கால் நினைவுக்கு வரும். வீங்கி, கரடுதட்டி, ஆங்காங்கே துளை விழுந்து, அத்துளைகளின் வழியே நீரும் மணிகளுமாகக் கசிகின்ற கால். 'மதுரைக் கால்' என்றே அந்நோய்க்குப் பெயர்.

1842ஆம் ஆண்டு மதுரை மருந்தகம் ஒன்றில் பணியாற்றிய கில் என்ற ஆங்கில மருத்துவர் இந்நோயை எழுதிவைத்தார். 1846இல் கோல்புரூக் என்பவர் ஊரின் பெயராலேயே அதனைக் குறித்தார். 1860இல் பம்பாயிலிருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், இது பூஞ்சையால் விளைவது என்று கண்டு 'மைசெடோமா' என்று பெயரிட்டார். (மருத்துவ மாணவர்கள் இன்றும் போற்றும் கிரேயின் உடற்கூற்று நூலுக்கு முதன்முதலில் படங்கள் வரைந்து கொடுத்தவர் இந்தக் கார்ட்டர்தாம்.) பின்னர் அந்தப் பூஞ்சைக்கு 'மதுரெல்லா' என்று பெயர் வைத்தார்கள். இதே நோயைப் பூஞ்சையன்றிச் சிலவகைப் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் என்பது தெரிய வந்தபோது, அவற்றுள் ஓர் இனத்திற்கும் 'ஆக்டினோமதுரா' என்று பெயராயிற்று. ஆக, நம் ஊரின் பெயரைச் சுமந்து திரியும் நுண்ணுயிர்கள் இரண்டு வகை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாணவும் ஒன்றுமில்லை. நம் ஊரில் வெறுங்காலோடு உழைத்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இந்த வரலாற்றை நாம் நூலகத்தில் தேடி அறியவில்லை. ஒரு மஸ்அலாவின் வழியாகவே அது நம்மிடம் வந்து சேர்ந்தது.

திருமங்கலத்துக்கு அப்பால் கரிசல் காட்டில் பருத்தியும் சோளமும் விதைத்து, ஆடும் மேய்த்து வாழ்பவர் ஒரு பெரியவர். பேரப்பிள்ளை நம் மதரஸாவில் தங்கி ஓதுவதால் மாதம் ஒருமுறை வருவார். ஒருநாள் அஸருக்குப் பின் ஓரமாக அழைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். காலுல சின்னதா ஒரு புண்ணு. அதுலருந்து தண்ணி மாதிரிக் கசியுது. தொழுகையில நிக்கும்போதே கசிஞ்சா ஒளு முறிஞ்சிருமா?"

ஹனஃபி மத்ஹபின்படி, புண்ணிலிருந்து வெளிப்பட்டு வழிந்தோடும் இரத்தமும் சீழும் உளூவை முறிக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் முறிக்காது. ஒரு தொழுகையின் நேரம் முழுவதும் இடைவிடாது கசிந்தால் அவர் 'மஃதூர்' என்னும் சலுகைக்கு உரியவராவார். ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒருமுறை உளூச் செய்துகொண்டால் போதும். மஸ்அலா எளிதானது. ஆனால் எவ்வளவு கசிகிறது, எப்பொழுது நிற்கிறது என்பதை அறியாமல் எந்தச் சட்டம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. எனவே கேட்டோம்.

"எத்தனை நாளா இருக்கு, அத்தா?"

"அது ஆச்சு ஏழெட்டு வருசம். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல ஹஜ்ரத்."

ஏழெட்டு ஆண்டுகளாகக் கசியும் புண் 'சின்னப் புண்' ஆகாது. காலைக் காட்டச் சொன்னோம். சுற்றியிருந்த பழந்துணியை அவிழ்த்தார். பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரலை ஒட்டி, ஒரு சிறு எலுமிச்சம்பழம் அளவுக்குத் தடித்திருந்தது. அதில் மூன்று நான்கு துளைகள். அவிழ்த்த துணியில் கடுகைவிடச் சிறியனவாய், கசகசா அளவில் கருமணிகள் ஒட்டியிருந்தன.

"கரிசல் மண்ணு ஹஜ்ரத். உள்ள போயி ஒக்காந்துக்கிட்டு வெளிய வருது" என்றார். அத்தனை ஆண்டுகளும் அவர் அப்படித்தான் நம்பியிருக்கிறார். எப்போதோ கருவேல முள் தைத்திருக்கிறது. ஊக்கால் கெல்லி எடுத்து, எருக்கம்பால் வைத்திருக்கிறார். மறந்தும் போயிருக்கிறார். பின்னர் அந்த இடத்தில் ஒரு சிறு கட்டி, அது உடைந்து ஆறியது, பக்கத்தில் இன்னொன்று.

மகனை வரவழைத்து, மறுவாரமே அவரை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம். சதையில் சிறிது எடுத்துச் சோதித்தார்கள். அது கரிசல் மண் அன்று, மதுரைக் கால் என்று சொன்னார்கள். அவர் அதுவரை கேள்விப்பட்டிராத அந்நோயின் பெயரில் தம் சொந்த ஊர் இருந்தது அவருக்குச் சற்றே வியப்பாக இருந்ததாம்.

நம் மக்தபில் சிறு வயதில் குர்ஆன் ஓதிய பெண்பிள்ளை ஒருவர் இன்று மருத்துவராகி, நோய்க்குறியியலில் மேற்படிப்புப் படிக்கிறார். பெருநாள் விடுமுறையில் தந்தையோடு சலாம் சொல்ல வந்தவரிடம் இந்த நோயைப் பற்றிக் கேட்டோம். அவர் தம் மடிக்கணினியில் ஒரு படத்தைக் காட்டினார். நம் பெரியவரின் சதையன்று. அதே நோயைப் பற்றிய பாடப்படம். நடுவில் கரிய பாறை போன்ற ஒரு மணி. அதைச் சுற்றி ஊதாப் புள்ளிகள் நெருக்கமாக அணிவகுத்து நின்றன. அவற்றுக்கு அப்பால் பெரிய பெரிய வெளிறிய செல்கள். அவற்றுக்கும் வெளியே இன்னுமொரு வளையம். 'இதெல்லாம் என்ன?' என்று கேட்டோம்.

"எல்லாமே நம்ம உடம்போட காவல் செல்கள்தான், ஹஜ்ரத். யாரும் ஓடிப்போகல. வந்து சுத்தி நிக்கிறாங்க. ஆனா உள்ள இருக்கிறத ஒண்ணும் பண்ண முடியல" என்றார்.

அந்தப் படம் பல நாட்கள் நம் மனத்தை விட்டு அகலவில்லை. காவலர்கள் வராமல் போனதால் வீடு கொள்ளை போவது ஒருவகை. காவலர்கள் வந்து, ஒருவரையொருவர் அழைத்து, தோளோடு தோள் சேர்ந்து நின்றும் காரியம் முடியாமல் ஏழெட்டு ஆண்டுகள் நிற்பது வேறுவகை. அவர்கள் எப்படி வந்தார்கள், ஒருவரோடொருவர் என்ன பேசினார்கள் என்று அறிய விரும்பினோம். அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்; சில நூல்களையும் தந்தார். நாம் புரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறோம்.

இந்த அறிவின் தொடக்கத்திலும் ஒரு முள்தான் இருக்கிறது. 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரக் கடற்கரையில் தங்கியிருந்த இலியா மெச்னிகாஃப் என்ற ரஷ்ய அறிஞர், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், உடலுக்குள் அலைந்து திரியும் செல்கள் முள்ளைச் சுற்றிக் குழுமியிருந்தன. உடல் தன்னைக் காத்துக்கொள்ள உள்ளுக்குள்ளிருந்தே ஆள் அனுப்புகிறது என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. 1908இல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மெஸ்ஸினாவின் ரோஜா முள்ளும் திருமங்கலத்தின் கருவேல முள்ளும் உடலுக்கு ஒன்றே.

முள் தைத்த இடத்தில் திசு கிழிந்ததும் அங்குள்ள செல்கள் வேதிப் பொருட்களைக் கசியவிடுகின்றன. அருகிலுள்ள இரத்தக் குழாயின் உட்சுவர் அச்செய்தியை உணர்ந்து, தன் மேற்பரப்பில் செலக்டின் என்னும் பசை போன்ற புரதங்களை நீட்டுகிறது. இரத்த ஓட்டத்தில் விரைந்து போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அதில் உரசி, வேகம் குறைந்து, சுவரோரமாக உருளத் தொடங்குகிறது. பின்னர் இன்டெக்ரின் என்னும் மற்றொரு புரதம் இறுகப் பற்றிக்கொள்ள, அணு நின்றுவிடுகிறது. சுவரின் இடுக்கில் உடலைச் சுருக்கி நுழைந்து, சதைக்குள் இறங்குகிறது. ஆக, முதற்சந்திப்பு பகைவனோடு நிகழ்வதன்று. வழியோரச் சுவரோடு நிகழ்வது. அந்தத் தொடுகை இல்லையென்றால், எத்தனை கோடி அணுக்கள் இரத்தத்தில் ஓடினாலும் காலுக்கு ஒன்றும் வந்து சேராது.

முன்னால் வந்து சேர்ந்தவை பின்னால் வருவனவற்றை அழைக்கின்றன. தேனீக்கள் மொய்ப்பது போல நியூட்ரோஃபில்கள் ஓரிடத்தில் மொய்ப்பதை ஆய்வாளர்கள் உயிருள்ள திசுவிலேயே கண்டிருக்கிறார்கள். அவற்றின் வாழ்நாள் குறைவு. சீழ் என்று நாம் முகம் சுளித்துத் துடைத்தெறிவதில் பெரும்பகுதி, இவ்விதம் வந்து மடிந்தவைதாம்.

இனி நம் கிராமத்துப் பாட்டிமார் அறிந்த ஒரு செய்தி. காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கால் புண்ணுக்கும் தொடையிடுக்குக்கும் என்ன தொடர்பு? நெறி என்று நாம் சொல்வது நிணநீர் முடிச்சு. அது உடலின் சந்திப்புக் கூடம். தோலில் காவலிருக்கும் டென்ட்ரிட்டிக் செல் என்பது கிளைவிட்ட மரம் போன்ற ஓர் அணு. அது முள்ளோடு வந்த அந்நியப் பொருளின் துணுக்குகளை விழுங்கி, இடம்விட்டுக் கிளம்பி, நிணநீர்க் குழாயின் வழியே ஏறத்தாழ ஒருநாள் பயணம் செய்து அந்த முடிச்சை அடைகிறது. விழுங்கியதைத் துண்டாக்கித் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது.

இந்த அணுவை 1973இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் ரால்ஃப் ஸ்டைன்மன். 2011இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. பரிசுக் குழுவினர் அதை அறியாமலேயே அறிவித்துவிட்டனர். பின்னர் அறிந்தும் பரிசை விலக்கிக்கொள்ளவில்லை.

முடிச்சுக்குள் டி செல்கள் இடைவிடாது சுற்றி வருகின்றன. ஒவ்வொரு டி செல்லும் ஒரே ஒரு வகைத் துணுக்கை மட்டுமே அடையாளம் காணவல்லது. ஒரு குறிப்பிட்ட துணுக்குக்குரிய டி செல் இலட்சத்தில் ஒன்றோ பத்து இலட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். ஆகவே டென்ட்ரிட்டிக் செல் தன் கிளைகளை விரித்து நிற்க, டி செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொட்டுப் பார்த்துச் செல்கின்றன. பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் வரிசையாக முஸாஃபஹா செய்வோமே, அதைப் போன்ற காட்சி. பொருந்தாதவை சில நிமிடங்களில் விலகிப் போகின்றன. பொருந்திய ஒன்று மட்டும் நின்று, மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. ஓர் அறிவிப்பாளர் மற்றொருவரிடமிருந்து அறிவிக்கும்போது, இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்று இமாம் புகாரி (ரஹ்) கண்டிப்புக் காட்டினார்கள். ஒரே காலத்தில் வாழ்ந்து, சந்தித்திருக்க வாய்ப்பும் இருந்தால் போதும் என்பது இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் நிலை. டி செல் இமாம் புகாரியின் கட்சி. மிதந்து வரும் செய்தியை அது ஏற்பதில்லை. துணுக்கை ஏந்தியிருக்கும் அணுவை நேரில் தொட்டால்தான் ஏற்கும். 1974இல் டோஹெர்ட்டியும் ஜிங்கர்நாகலும் இதன் அடிப்படையை வெளிப்படுத்தினார்கள்: டி செல் அந்நிய துணுக்கை மட்டும் பார்ப்பதில்லை, அதை ஏந்தி நிற்பது தன் உடலைச் சேர்ந்த அணுதானா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது.

அதுவும் போதாது. துணுக்கு பொருந்தினாலும், டென்ட்ரிட்டிக் செல் தன் மேற்பரப்பில் மற்றுமொரு புரதத்தை நீட்டி 'ஆம், இது உண்மையான ஆபத்துதான்' என்று இரண்டாவது சாட்சி கூற வேண்டும். ஒரு சாட்சி மட்டும் கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் டி செல் செயலிழந்து அடங்கிவிடுகிறது. இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால், நம் சொந்தத் தசையின் துணுக்கைக் கண்டும் அது போருக்குக் கிளம்பிவிடும். மூட்டுவாதம் போன்ற பல நோய்களில் நடப்பது ஏறத்தாழ அதுதான்.

இந்த ஒப்புமையைக் கொண்டு, 'விஞ்ஞானம் இன்று சொல்வதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று எழுதக் கிளம்புவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. முஹத்திஸீன்கள் அணுக்களைப் பற்றிப் பேசவில்லை. அறிவிப்பாளர்களின் நாணயத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒன்றை விளங்கிக்கொள்ள மற்றொன்று துணை செய்கிறது, அவ்வளவே. ஓதிக் கொடுப்பவனுக்கு உவமை வேண்டும். அதை ஆதாரமாக்கிவிடக் கூடாது.

இரு அணுக்களும் ஒட்டிநிற்கும் அந்த இடத்தை ஆபிரகாம் கப்ஃபர் என்பவரின் குழு 1998இல் படம்பிடித்து வெளியிட்டது. குறிவைத்து எறியும் வட்டப் பலகையைப் போலிருந்தது அது. நடுவில் துணுக்கை அறியும் ஏற்பிகள் திரண்டிருந்தன. சுற்றிலும் பற்றுப் புரதங்கள் வளையமாக நின்று இரண்டையும் விலகாமல் பிடித்திருந்தன. இடைவெளி, ஒரு தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் சந்தியை ஒத்திருப்பதால் இதற்கும் 'நோயெதிர்ப்புச் சந்தி' என்று பெயராயிற்று. அந்த இடுக்கிலேதான் செய்தி கைமாறுகிறது. செய்தி பெற்ற டி செல் பல்கிப் பெருகி, இரத்தத்தின் வழியே புண்ணை நோக்கிப் புறப்படுகிறது.

புண்ணில் அதற்காகக் காத்திருப்பவை மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கிகள். டி செல் அவற்றைத் தொட்டு, இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சொரிகிறது. உடனே விழுங்கிக்கு வலிமை கூடுகிறது. விழுங்கியதைக் கொல்லும் ஆற்றல் வருகிறது. காசநோய்க் கிருமியைப் பெரும்பாலோரின் உடல் வாழ்நாள் முழுவதும் அடக்கிவைப்பது இந்தக் கூட்டுறவினால்தான்.

மதுரைக் காலில் மட்டும் இது ஏன் கைகூடவில்லை? பெருவிழுங்கி என்று பெயர் இருந்தாலும் அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். பூஞ்சையின் கருமணியோ ஒரு மில்லிமீட்டர் வரை, சிலவேளை அதற்கு மேலும் இருக்கும். எறும்பு பூசணிக்காயை விழுங்க வேண்டும் என்பது போன்ற நிலை. அதுவும் சாதாரணப் பூசணிக்காய் அன்று. பூஞ்சை தன்னைச் சுற்றிச் சிமெண்டுப் பூச்சைப் போன்ற ஒரு பொருளைக் கட்டிக்கொள்கிறது. நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனினும் அதில் உண்டு. மணி கருநிறமாக இருப்பது அதனால்தான். மருந்தின் வீரியத்தையும் அந்த மெலனின் மட்டுப்படுத்துகிறது.

அணுக்கள் அப்படியும் விலகுவதில்லை. முதலில் நியூட்ரோஃபில்கள் மணியின் மீது ஒட்டிக்கொண்டு தம்மிடமுள்ள நச்சுப் பொருட்களை அதன்மேல் கொட்டுகின்றன; சில மணிகள் அதில் உடைந்து சிதறவும் செய்யும். அடுத்து பெருவிழுங்கிகள் வருகின்றன. தனித்தனியே முடியாதபோது அவை பல சேர்ந்து ஒன்றாக இணைந்து, பல கருக்கள் கொண்ட ஓர் இராட்சத அணுவாகின்றன. வெளிறிய பெரிய செல்கள் என்று நாம் படத்தில் கண்டவை அவைதாம். உடைந்த மணியின் துண்டுகளை அவை விழுங்குகின்றன. எஞ்சியதைச் சுற்றி, வெளியே டி செல்களின் வளையம் நிற்க, எல்லாமாகச் சேர்ந்து ஒரு கோட்டையைக் கட்டிவிடுகின்றன. மருத்துவர்கள் அதை கிரானுலோமா என்கிறார்கள். ஒரே காலில் ஒரு பக்கம் முதல்நிலையும் இன்னொரு பக்கம் கடைசிநிலையும் ஒரே வேளையில் காணப்படும். பெரியவரின் பாதத்தில் இருந்த அந்த எலுமிச்சம்பழம், பூஞ்சையும் அதை முற்றுகையிட்ட அவரது சொந்த அணுக்களும் அவை விட்டுச்சென்ற தழும்புமாக ஏழெட்டு ஆண்டுகளில் திரண்டது.

முற்றுகை நீளும்போது சேதம் சொந்த நிலத்துக்கும்தான். பகைவனை நோக்கிக் கொட்டிய நச்சு அக்கம்பக்கத்துச் சதையையும் அரிக்கிறது. பூஞ்சை உள்நோக்கி நகர்கிறது. புண் புரையோடி எலும்பைத் தொடுகிறது. ஆனால் வலி இல்லை. இந்நோயின் கொடுமையே அதுதான். சாதாரணச் சீழ்க்கட்டியாக இருந்திருந்தால் மூன்றாம் நாளே காலை ஊன்ற முடியாமல், காய்ச்சல் கண்டு, மனிதர் மருத்துவரிடம் ஓடியிருப்பார். காய்ச்சல் என்பதும் இந்த அணுக்களின் பேச்சுத்தான்: அவை இரத்தத்தில் விடும் பொருட்கள் மூளையை எட்டி, உடலின் வெப்பத்தைக் கூட்டச் சொல்கின்றன. இறைநம்பிக்கையாளர்களை ஓர் உடலுக்கு ஒப்பிட்டு, ஓர் உறுப்பு நோவுற்றால் மற்ற உறுப்புகள் உறக்கமின்மையாலும் காய்ச்சலாலும் அதனோடு பங்குகொள்கின்றன என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸை நாம் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். மதுரைக் காலில் உறுப்பு நோவுற்றிருக்கிறது. காவல் அணுக்களும் அறிந்திருக்கின்றன. ஆனால் அந்த முறையீடு உரியவரின் உறக்கத்தைக் கலைக்கவில்லை. அவர் நன்றாக உறங்கினார். காலையில் எழுந்து ஆடு மேய்க்கப் போனார்.

அந்தப் புண்ணைப் பற்றி அவர் முதன்முதலில் வாய்திறந்ததே உளூவின் பொருட்டுத்தான். நாளைக்கு ஐந்து வேளை தம் கையாலேயே அந்தப் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளைக் கோதிவிட்டிருக்கிறார். வேறெவர் கண்ணிலும் படாத துளைகளை நாள்தோறும் தம் விரல்நுனியால் தொட்டிருக்கிறார். உடல் சொல்லாததை மஸ்அலாவே கேட்க வைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மருந்து உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் எதற்கு எது என்று முதலில் தெரிய வேண்டும். பாக்டீரியாவால் வந்ததானால், கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பெரும்பாலும் குணப்படுத்திவிட முடிகிறது. பூஞ்சையால் வந்ததானால், இட்ராகோனசோல் மாத்திரையை மாதக்கணக்கில், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் உண்ண வேண்டும்; கட்டியை அறுத்தும் எடுக்க வேண்டும்; அப்படியும் திரும்ப வரக்கூடும். கருமணி என்றால் பூஞ்சை, செம்மணி என்றால் பாக்டீரியா. வெள்ளையும் மஞ்சளும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். சோதனை செய்துதான் அறிய வேண்டும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது. கடையில் கேட்டு வாங்கிப் போடும் களிம்பு இரண்டுக்குமே உதவாது.

உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 ஆண்டுகள் கழித்து. ஏழைகளின் காலில் வரும் நோய்க்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது. இன்று உலகில் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் நாடுகளுள் ஒன்று சூடான். அங்கும் இதே காட்சி: வெறுங்கால், வேலமுள், ஆடு மேய்ப்போர், உழவர். கார்ட்டூமில் 1991இல் நிறுவப்பட்ட மைசெடோமா ஆய்வு மையம் பல்லாயிரம் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தது. வாரம் ஒருமுறை உண்டால் போதும் என்ற ஃபாஸ்ராவுகோனசோல் மருந்தை இட்ராகோனசோலோடு ஒப்பிட்டுச் சோதித்ததும் அம்மையமே. 2023 ஏப்ரலில் அந்நாட்டில் மூண்ட போரில் மையம் அழிந்தது. பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த சதை மாதிரிகளும் அழிந்தன. மதுரையின் பெயர் கொண்ட நோய்க்கு மதுரையில் வாழும் ஒருவர் சாப்பிடும் மாத்திரையின் அளவைத் தெளிவாக்கியதில் சூடானின் ஏழை உழவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களுக்காக துஆச் செய்கிறோம்.

நம் பகுதியில் இந்நோய் இப்போது முன்னளவுக்கு இல்லை. செருப்பு எல்லோர் காலிலும் வந்துவிட்டது. ஆயினும் வற்றிய கண்மாய்க்குள் சீமைக்கருவேலக் காட்டில் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து விளையாடுவதை நாம் பார்க்கிறோம். விறகு வெட்டப் போகிறவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பார்ப்பதில்லை. வலியில்லாத தடிப்பு, ஆறி ஆறித் திரும்ப உடையும் கட்டி, துணியில் மணி மணியாக ஒட்டும் கசிவு ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். அவிழ்த்த துணியையும் உடன் கொண்டு போங்கள். அதிலுள்ள மணியின் நிறம் மருத்துவருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். நம் மதரஸாவின் ஹவ்ளுக் கரையில் பிள்ளைகள் கால் கழுவும்போது உஸ்தாதுமார் ஒருமுறை கண்ணோட்டம் விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதுவரை கண்டதெல்லாம் பித்த வெடிப்பும் சேற்றுப்புண்ணும்தான்.

பெரியவருக்கு எட்டு மாதம் மாத்திரை கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின் அறுவை செய்தார்கள். சுண்டுவிரல் எலும்பு வரை புரையோடியிருந்ததால் அவ்விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது. தையல் பிரித்த மறுவாரம் வந்து, விரல் இருந்த இடத்தை உளூவில் என்ன செய்வது என்று கேட்டார். எஞ்சியிருக்கும் பாதத்தைக் கழுவினால் போதும் என்றோம். மாத்திரை இன்னும் நிற்கவில்லை. அறுத்தெடுத்த இடத்தைச் சுற்றி மணி ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, ஷவ்வால் மாதத்தில் மீண்டும் ஸ்கேன். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாதாம், நாளைக்கு இரு வேளையாம். ரமளானில் என்ன செய்வது என்று கவலைப்பட்டார். ஒன்றை ஸஹர் உணவோடும் மற்றொன்றை இஃப்தார் முடித்துச் சோறு உண்ட பின்னும் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவரச் சொன்னோம். தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.